கூடாரம் அடிக்கும் கலை



திருத்தணியில் மலைக்கோயிலுக்கு ஏறும் 365 படிகளின் அருகே குடியிருப்போருக்குக் கூடாரம் ஒரு புதுமையன்று. ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டால் காவடி எடுத்து வரும் குடும்பங்கள் தமிழகத்தின் பல திசைகளிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும் வந்து சேரும். சரவணப் பொய்கையைச் சுற்றிலும் சாலையோரங்களிலும் இடம் கிடைத்தவாறு தங்குவார்கள். வண்டியின் ஓரத்தில் ஒரு பழம் புடவையைக் கட்டி, மறு நுனிகளை இரண்டு கழிகளில் முடிந்துவிட்டால் போதும். தாயும் மக்களும் தங்க ஒரு வீடு ஆயிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1993-இல் நான் இவ்வூருக்கு ஆசிரியனாக வந்தபோது, அக்காட்சியைக் கண்டு நெடுநேரம் நின்றேன். நமக்கும் சொந்தமாக ஒரு கூடாரம் வேண்டும் என்னும் ஆசை அன்றுதான் பிறந்தது. ஆசிரியப் பயிற்சியோடு சாரணர் பயிற்சியும் பெற்றவனாகையால், இரவல் கூடாரங்களைப் பலமுறை அடித்துப் பழகியிருந்தேன். இரவலுக்கும் சொந்தத்துக்கும் உள்ள வேறுபாடு பிறகே விளங்கியது. இரவல் கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது. சொந்தக் கூடாரமோ வீட்டில் ஓர் உறுப்பினர்போல் வந்து உட்கார்ந்துகொண்டு, ஆண்டு முழுதும் கவனிப்பை எதிர்பார்க்கும்.

கூடாரம் நமக்கு அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டா. பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. அச்சிறு நூலில் நப்பூதனார் ஒரு பாசறையை நம் கண்முன் நிறுத்துகிறார். காட்டை வெட்டித் திருத்தி, முள்வேலி கட்டி, தெருத் தெருவாக அமைந்த பாசறை அது. கோல்களை ஊன்றிக் கயிற்றால் இழுத்துக் கட்டிய கூடாரங்களை அங்கே காண்கிறோம். துறவி ஒருவர் தம் முக்கோலின்மேல் காவியுடையைத் தொங்கவிட்டிருக்கும் தோற்றத்தை அதற்கு உவமையாகச் சொல்கிறார் புலவர். மூன்று கோல், ஒரு துணி, இழுத்துப் பிடிக்கும் கயிறு. இன்றைய கூடாரத்தின் இலக்கணமும் இவ்வளவே.

பிற்காலத்தில் நம் நாட்டின் ஆட்சியே பெரிதும் கூடாரங்களிலிருந்து நடந்தது. பாராமகால் எனப்பட்ட இன்றைய சேலம், தருமபுரிப் பகுதிகளில் 1792 முதல் 1799 வரை நிலவரித் திட்டம் வகுத்த தாமஸ் மன்றோ, அந்நாட்களின் பெரும்பகுதியைக் கூடாரத்திலேயே கழித்தார். சென்னை மாகாணத்தின் ஆளுநரான பின்னும் அவர் சுற்றுப் பயணத்தை விடவில்லை. 1827-இல் பத்திகொண்டாவில் முகாமிட்டிருந்தபோதுதான் காலராவால் இறந்தார். பரங்கிமலையருகே 1802-இல் அடிக்கோடு அளந்து தம் பெரும் பணியைத் தொடங்கிய லாம்டன், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அளவைக் கருவியுடன் கூடாரம் கூடாரமாகத் தென்னாட்டைக் கடந்து சென்றார். அவரும் 1823-இல் பயணத்தின் நடுவே உயிர் நீத்தவரே. திப்பு சுல்தானின் கூடாரம் ஒன்று, பூவேலை அச்சிட்ட பருத்தித் துணியாலானது, இன்றும் வேல்ஸ் நாட்டில் பவிஸ் கோட்டையில் இருக்கிறது. போர்க்களம் கண்ட மன்னனின் கூடாரத்தைப் பிற்காலத்தார் தோட்ட விருந்துகளுக்கு விரித்தார்களாம்! தமிழ்நாட்டில் சலனப் படத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்ற சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் தொழில் தொடங்கியதும் ஒரு கூடாரத்தை நம்பித்தான்.

இனி என் கூடாரத்துக்கு வருகிறேன். 1994-ஆம் ஆண்டு, படை கழித்துவிட்ட பொருள்களை விற்கும் சென்னைக் கடையொன்றில் அதை வாங்கினேன். விலை, அன்றைய என் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி. இந்தியப் படையில் கூடாரங்களை எடையால் பெயரிட்டு அழைக்கும் வழக்கம் உண்டு: 40 பவுண்டுக் கூடாரம், 80 பவுண்டுக் கூடாரம், 180 பவுண்டுக் கூடாரம் என்பார்கள். நான் வாங்கியது 180 பவுண்டு வகை. கிலோவில் ஏறத்தாழ 82. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கித்தான் ஒரு மூட்டை, கம்பங்கள் ஒரு கட்டு, முளைகளும் கயிறுகளும் ஒரு கோணிப்பை என மூன்று பாகமாக அது இரயிலேறித் திருத்தணிக்கு வந்து சேர்ந்தபோது, என் மனைவி முதலில் கேட்ட கேள்வி, "இதை எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்பது. பெரிய கூடாரம் வாங்க விரும்புவோர் எல்லோரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி அதுவே.

பழைய கூடாரத்தை எவ்வாறு சோதித்து வாங்குவது? முதலில் மூக்கால் சோதிக்க வேண்டும். மூட்டையைப் பிரித்தவுடன் பூஞ்சை நாற்றம் அடித்தால் வாங்கவே கூடாது. பருத்தி என்பது செல்லுலோஸ். அது பூஞ்சைக்கு உணவு. ஈரத்தோடு மடித்து வைத்த துணியைப் பூஞ்சை இழை இழையாக உண்டுவிடும். படைக் கூடாரங்களின் துணிக்குச் செம்பின் உப்புகளை ஊட்டுவது இதைத் தடுக்கத்தான். அடுத்து, துணியை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்து ஊசித் துளைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். மடிப்பு விழுந்த இடங்களை இரு கட்டைவிரல்களால் இழுத்துப் பார்க்க வேண்டும். கித்தான் கிழிவதெல்லாம் மடிப்பில்தான். கயிறு கோக்கும் பித்தளைக் கண்கள் பிய்ந்திருக்கின்றனவா, கம்பங்களின் மூட்டு ஆடுகிறதா, முளைகள் எண்ணிக்கையில் குறைகின்றனவா என்பவை பிறகு. எனக்கு ஆறு முளைகள் குறைந்தன. திருத்தணித் தச்சர் ஒருவர் கருவேலங் கட்டையில் செதுக்கித் தந்த அந்த ஆறும் இன்றும் இருக்கின்றன. கூடாரத்தோடு வந்தவற்றில் பாதி போய்விட்டன.

கூடாரம் ஏறத்தாழ 14 அடிச் சதுரம். உட்பரப்பு 18 சதுர மீட்டருக்குச் சற்று மேல். வீடிழந்தோருக்குத் தங்குமிடம் தரும்போது ஆளுக்கு 3.5 சதுர மீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும் என்பது இன்று உலக நிவாரண அமைப்புகள் கொண்டுள்ள அளவு. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு வழங்கும் கூடாரத்தில் நடு அறை மட்டும் 16 சதுர மீட்டர். எங்கள் வீட்டில் நானும் மனைவியும், மூன்று மக்களும், என் தாயாரும், மைத்துனனும் ஆக எழுவர். ஆளுக்கு 2.6 சதுர மீட்டரே தேறியது. இரவில் ஒருவர் புரண்டால் எழுவரும் புரள வேண்டியதுதான்.

நான்கு பேர் இருந்தால் இதை அரைமணியில் அடித்துவிடலாம். முதலில் தரையைக் கூட்டிக் கல்லும் முள்ளும் அகற்ற வேண்டும். கித்தானை விரித்து, அது நிற்கப் போகும் வடிவத்திலேயே நான்கு மூலைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். முகட்டுக் கம்பத்தை உள்ளே செலுத்தி, இரு நிலைக்கம்பங்களின் உச்சியிலுள்ள இரும்பு முனைகளை அதன் துளைகளில் பொருத்திக் கித்தானின் கண்கள் வழியே வெளியே நீட்ட வேண்டும். மூலைக் கயிறுகள் நான்கையும் முளைகளில் தளர்வாக மாட்டிவிட்டுப் பிறகுதான் கம்பங்களைத் தூக்க வேண்டும். கம்பத்துக்கு ஒருவராக இருவர் ஒரே நேரத்தில் தூக்குவர். மற்ற இருவர் எதிரெதிர்க் கயிறுகளை ஒரே அளவாக இழுப்பர். ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போவோம் என்று எண்ணினால் கம்பம் சாய்ந்து, தூக்கியவர் தலைமேலேயே கூரை வந்து விழும். என் மாணவர்கள் இதை ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் மெய்ப்பித்தார்கள்.

முளை அடிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கயிறு தரையோடு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வர வேண்டும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது கயிறும் முளையும் செங்கோணத்தில் சந்திக்கும். கயிறு எவ்வளவு இழுத்தாலும் முளை தன் பக்கத்து மண் முழுவதையும் துணைக்கு அழைத்துக்கொண்டு எதிர்த்து நிற்கும். தலையைக் கூடாரத்தை நோக்கிச் சாய்த்து அடித்தால், கயிறும் முளையும் ஒரே நேர்க்கோட்டுக்கு நெருங்கிவிடும். முள்ளங்கியைப் பிடுங்குவதுபோல் காற்று அதைப் பிடுங்கிவிடும். அடிப்பதற்குக் கொட்டாப்புளியே ஏற்றது. இரும்புச் சுத்தியல் மர முளையின் தலையைப் பிளந்துவிடும்.

காற்றின் வலிமையைச் சிறு கணக்கால் காட்டலாம். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதமாக வளர்வது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, எதிரே உள்ள ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 6 கிலோ எடையளவு தள்ளும். என் கூடாரத்தின் ஒரு பக்கம் 8 சதுர மீட்டர் என்று கொண்டால், மொத்தம் 50 கிலோ. அதே காற்று 72 கிலோமீட்டர் வேகம் கொண்டால் தள்ளுவது 100 கிலோவன்று, 200 கிலோ. அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்று என்று நம் முன்னோர் சொன்னதில் மிகை இருக்கலாம். கூடாரத்தைப் பொறுத்தமட்டில் மிகையில்லை. ஆகவே வாயிலைக் காற்றுக்கு எதிர்முகமாக வைக்கக் கூடாது. ஆனி, ஆடியில் மேற்கையும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கையும் முதுகாக்கிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம்.

கயிற்றைப் பற்றியும் ஒரு சொல். பருத்திக் கயிறோ சணற் கயிறோ நனைந்தால் குட்டையாகும். இது வியப்பாகத் தோன்றும்; நீரில் ஊறியது நீளவல்லவோ வேண்டும்? உண்மையில் இழை நீரைக் குடித்துப் பருக்கிறது. நீளத்தில் அவ்வளவாக வளர்வதில்லை. முறுக்கிய கயிற்றில் ஒவ்வொரு புரியும் மற்றவற்றைச் சுற்றிச் செல்கிறது. புரிகள் பருத்தால் சுற்றவேண்டிய வழி நீள்கிறது. அந்த நீளத்துக்கு வேண்டிய இழை எங்கிருந்து வரும்? கயிற்றின் நீளத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆதலின் மழை வருமுன் கயிறுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்தாவிடில் முளை பிடுங்கும், அல்லது பித்தளைக் கண் பிய்ந்துபோகும். நைலான் கயிறு இதற்கு நேர்மாறு. நனைந்தால் தளரும், இழுத்துக் கட்ட வேண்டும். கித்தானும் கயிற்றைப் போன்றதே. நனைந்ததும் நூல் பருத்து இடைவெளிகள் அடைபடுவதால்தான் ஓட்டைகள் நிறைந்த நெசவுத் துணி மழையைத் தாங்குகிறது. அரபு நாட்டுப் பாலைவன மக்கள் வெள்ளாட்டு மயிரில் நெய்யும் கருங்கூடாரமும் இவ்விதமே மழையைத் தடுக்கிறது. நனைந்த கித்தானை உள்ளிருந்து விரலால் தொடாதீர்கள் என்று சாரணர்களுக்குச் சொல்வோம். தொட்ட இடத்தில் நீர்ப்படலம் உடைந்து, அங்கிருந்து சொட்டத் தொடங்கிவிடும். சொன்னவுடன் பத்துப் பேராவது தொட்டுப் பார்ப்பார்கள்.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் ஒன்றில் நான் தவறினேன். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றவற்றைச் சொல்லிப் பயனில்லை.

1995-ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறை. குடும்பத்தோடு ஒரு வாடகை வண்டியில் ஆந்திர எல்லையைக் கடந்து, நகரி மலைத்தொடரின் அடிவாரத்துக்குச் சென்றோம். மாலை நான்கு மணியளவில் நான் தேர்ந்த இடம் மிக அழகியது. பாய் விரித்தாற்போல் சமதளமான வெண்மணல். கல் இல்லை, முள் இல்லை. இருபுறமும் இடுப்பளவு புதர்கள் வேலிபோல் நின்றன. மணலில் முளை எளிதாக இறங்கியது. எளிதாக இறங்குவது எளிதாகவே வெளிவரும் என்னும் எண்ணம் எனக்கு எழவில்லை.

கூடாரம் எழுந்து நின்றபோது, ஆட்டு மந்தையொன்றை ஓட்டிக்கொண்டு முதியவர் ஒருவர் வந்தார். எங்களையும் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு, கையால் மணலைச் சுட்டி, "இதி வாகு, சாமீ" என்றார்.

இவ்வூருக்கு வந்து இரண்டாண்டே ஆகியிருந்த எனக்குத் தெலுங்கு தெரியாது. திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாள்வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இங்கே கடைத்தெருவில் இரு மொழியும் கலந்தே ஒலிக்கும். சில சொற்களைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஊகித்துக் காலந்தள்ளி வந்தேன். 'வாகு' எனக்குத் தெரிந்த சொல்லாயிற்றே! வாகான இடம், தோதான இடம் என்று புகழ்கிறார் என்று கொண்டு, "ஆமாம் ஐயா, மிகவும் வாகுதான்!" என்று மகிழ்ச்சியோடு தலையசைத்தேன். அவர் மேலும் ஒருமுறை அதையே சொன்னார். நானும் ஒருமுறை தலையசைத்தேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மந்தையை எதிரே இருந்த மேட்டுக்கு ஓட்டிச் சென்று அங்கே கிடை போட்டார்.

தெலுங்கில் 'வாகு' என்றால் ஓடை.

அன்றிரவு எங்கள் தலைக்குமேல் விண்மீன்கள் தெரிந்தன. மலைமேல் மட்டும் தொலைவில் மின்னிக்கொண்டிருந்தது. ஒரு மணி இருக்கும். கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசுவது போன்ற ஓசை கேட்டு விழித்தேன். கைவிளக்கை ஏற்றுவதற்குள் பாய் நனைந்துவிட்டது. கனாத்தின் அடிவழியே நீர் சத்தமின்றி நுழைந்துகொண்டிருந்தது. என் மைத்துனன் மூத்த பிள்ளைகள் இருவரையும் இரு கைகளில் பற்றிக்கொண்டு வெளியே ஓடினான். நான் தாயாரைத் தூக்கிக்கொண்டேன். வாயிலைத் தாண்டி நான்கு அடி வைத்திருப்பேன்; மணலிலிருந்த முளைகள் ஒருபுறம் முழுதும் விட்டுப்போக, கூடாரம் என் முதுகுக்குப் பின்னே சாய்ந்தது.

கரையேறித் தலைகளை எண்ணினோம். என் மனைவியும் நான்கு வயதுக் கடைக்குட்டியும் இல்லை.

நீர் அப்போது முழங்காலளவுதான். ஆனால் நனைந்த கித்தான் நீர்மேல் படிந்துகிடக்கும்போது எழுப்புவது எளிதன்று. காய்ந்திருந்தபோதே அது ஓர் ஆள் எடை. வாயில் எந்தப் பக்கம் என்பதே இருளில் தெரியவில்லை. நானும் மைத்துனனும் முகட்டுக் கம்பத்தைத் தேடிப் பிடித்து அதைத் தோளால் உயர்த்தினோம். உள்ளே கை கால் அசைவதை உணர்ந்தேன். அப்போது கித்தானைக் கிழித்துக்கொண்டு ஓர் இரும்பு நுனி வெளியே வந்தது. சமையலுக்கென்று கொண்டு வந்திருந்த அரிவாள்மணை அது. என் மனைவி அதை இருளில் தடவி எடுத்து, மேலிருந்து கீழாக ஒரு முழத்துக்கு மேல் கித்தானை அறுத்துவிட்டாள். அந்த வாய் வழியே முதலில் குழந்தையின் கால்தான் வந்தது. அதைப் பற்றி இழுத்தேன். குழந்தை அழுதது. அவ்வளவு இனிய ஓசையை நான் கேட்டதில்லை.

அதற்குள் மேட்டிலிருந்து ஆட்டுக்காரரும் அவருடைய மகனும் அரிக்கேன் விளக்கோடு இறங்கி வந்து எங்களைக் கரையேற்றினார்கள். இரண்டு மணி நேரத்தில் வெள்ளம் வடிந்துவிட்டது. பொழுது விடிந்தபோது மணல் பழையபடி சமமாய், அழகாய்க் கிடந்தது. மகனுக்குச் சிறிது தமிழ் தெரியும்; அவன்தான் 'வாகு'வின் பொருளை எனக்கு விளக்கினான். பெரியவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் வகுப்பில் நிலநூல் நடத்துபவன். அந்த ஆண்டு ஜூன் மாதம்தான், ஓடை வறண்டிருந்தாலும் அது ஓடை என்பதை எவ்வாறு அறிவது என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். காலை வெளிச்சத்தில் பார்த்தால் அத்தனை அடையாளங்களும் அங்கே இருந்தன. இருபுறத்துப் புதர்களில் காய்ந்த சருகும் குச்சியும் இடுப்புயரத்தில் சிக்கி, எல்லாம் ஒரே திசையை நோக்கிப் படிந்திருந்தன. அவற்றில் சில முன்னைய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஓரத்துக் கற்கள் உருண்டையாய் இருந்தன; உருட்டியது எது என்று கேட்டிருக்க வேண்டாவா? கல்லும் முள்ளும் இல்லாமல் அவ்விடத்தைக் கூட்டிவைத்தது யார் என்றாவது எண்ணியிருக்கலாம். மழை நம் தலைமேல் பெய்ய வேண்டும் என்பதில்லை. பல கல் தொலைவில் மலைமேல் பெய்தது நள்ளிரவில் நம்மிடம் வந்து சேரும். இதைப் புத்தகத்தில் படித்தவன் நான். படிக்காமலே அறிந்தவர் ஆட்டுக்காரர். அவரிடம் சைகையால் மறுபடி ஒருமுறை கேட்டிருந்தால் அரை நிமிடம் செலவாகியிருக்கும்.

இடம் தேர்வதைப் பற்றி எஞ்சியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் உள்ள தரையைவிட ஒரு முழமேனும் உயர்ந்த இடம் வேண்டும். நீர்நிலைக்கு மிக அருகில் போகக் கூடாது. தனித்து நிற்கும் பெருமரத்தின் அடியும் ஆகாது. இடி மின்னலுக்கு அஞ்சுவதோடு, பட்டுப்போன கிளைக்கும் அஞ்ச வேண்டும். பகல் நிழலுக்காக மரத்தின் கிழக்குப் புறத்தில் தள்ளி அடித்தால் பிற்பகல் வெயில் தணியும். மணலில்தான் அடித்தாக வேண்டும் என்றால் முளையை நம்பக் கூடாது; ஒரு கட்டையையோ மணல் நிரப்பிய பையையோ கயிற்றின் நுனியில் கட்டிக் குறுக்காக முழங்கையாழம் புதைக்க வேண்டும். எங்கள் மலைப் பாறையிலோ முளை இறங்கவே இறங்காது. பெருங்கற்களைத் தேடிக் கட்ட வேண்டியதுதான்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடைக் காலத்தில் தமிழ்நாட்டின் வெப்பமிக்க ஊர்களில் ஒன்றாகத் திருத்தணியின் பெயரை வானிலைச் செய்தியில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் இங்கே சித்திரை நண்பகலில் இருக்க முடியாது. என் கூடாரத்துக்கு மேல்விரிப்பு ஒன்று தனியே உண்டு. இரு துணிக்கும் இடையே ஒரு சாண் வெளி இருக்கும். மேல்துணி வெயிலை ஏற்றுச் சூடாகிறது. இடையிலுள்ள காற்று அச்சூட்டை வாங்கிக்கொண்டு ஓரங்கள் வழியே வெளியேறுகிறது. உள்துணிக்கு வருவது சிறிதே. இரவிலும் கனாத்தின் மேற்புறத்தைச் சற்றுத் திறந்தே வைக்க வேண்டும். உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் ஏறத்தாழக் கால் லிட்டர் நீரை வெளிவிடுகிறார். எழுவர் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். அடைத்து வைத்த கூடாரத்தில் அவ்வளவும் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து விடியற்காலையில் சொட்டும். மழை ஒழுகுகிறது என்று துணியின்மீது பழி விழும்.

இன்று கடைகளில் விற்கும் பாலியெஸ்டர்க் கூடாரங்கள் ஆறு பேருக்கு உரியவைகூட ஒருவர் தூக்கும் அளவே எடையுள்ளவை. வளையும் கண்ணாடியிழைக் குச்சிகளால் கால் மணியில் எழுந்து நிற்பவை. என் மகன் அத்தகையது ஒன்று வைத்திருக்கிறான். அதைக் குறைகூற மாட்டேன். அதைத் தூக்க வண்டி வேண்டியதில்லை என்பதே பெரிய செய்தி. ஆனால் அத்துணியை நம் வெயில் அரிக்கும். புற ஊதாக் கதிர்கள் பட்டுப்பட்டு ஒருநாள் விரல் பட்டாலே கிழியும் நிலைக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் வெயிலில் நிற்கவிடாமல் இறக்கிவிட வேண்டும். கித்தானுக்கு ஈரம் பகை, பாலியெஸ்டருக்கு வெயில் பகை.

அந்த இரவுக்குப் பின் கூடாரத்தை விற்றுவிடுவது என்று நான் முடிவு செய்தேன். வாங்கவும் ஒருவர் வந்தார். என் மனைவிதான் தடுத்தாள். அவள் வைத்த நிபந்தனை ஒன்றே: இனிமேல் இடம் பார்ப்பது அவள் பொறுப்பு, முளை அடிப்பது என் பொறுப்பு. அதன்பின் கணக்கற்ற முறை அடித்துவிட்டோம். பள்ளிச் சாரணர்களோடும் அடித்திருக்கிறோம். ஓரிடத்துக்குப் போனால் அவள் முதலில் ஊர்க்காரர் ஒருவரைத் தேடுவாள். மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியே ஓடும் என்று கேட்பாள். தெலுங்கு நாடாயின் தெலுங்கிலேயே கேட்பாள். அதற்காகவே அண்டை வீட்டு அம்மையாரிடம் அம்மொழியைக் கற்றாள். என் தாயார் இருந்தவரை, மூட்டையைக் கீழே இறக்கும்போதெல்லாம், "ஆத்துல போட மாட்டியேப்பா?" என்று கேட்காமல் விட்டதில்லை.

அறுபட்ட இடத்தைத் தைப்பதற்கு வீட்டு ஊசி உதவவில்லை. பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைப்பவர் ஒருவர், தோல் தைக்கும் ஊசியாலும் மெழுகு பூசிய நூலாலும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரு துண்டுக் கித்தானை வைத்து இரட்டைத் தையல் போட்டுத் தந்தார். முப்பது ஆண்டுகள் ஆகின்றன. சுற்றிலும் உள்ள துணி வெளுத்துவிட்டது, அந்தத் தையல் விடவில்லை.

ஒவ்வொரு தை மாதமும் பனி விட்டபின், மொட்டை மாடியில் கித்தானை இரண்டு நாள் விரித்துக் காயவைக்கிறோம். முதல் நாள் மேற்புறம், மறுநாள் உட்புறம். தையலோரங்களில் ஈரம் தங்குகிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கையைவிடக் கன்னம் ஈரத்தை நன்றாக அறியும். பழைய மடிப்பிலேயே மீண்டும் மடிக்காமல் சற்று மாற்றி மடிக்க வேண்டும். இவ்வாண்டு மடிப்பதற்கு என் கடைசி மகள் தன் மகனோடு வந்திருந்தாள். சிறுவன் அந்தத் தையலைக் கண்டு, "தாத்தா, இங்கே ஏன் ஒட்டுப் போட்டிருக்கிறது?" என்று கேட்டான். நான் விடை சொல்லத் தொடங்குமுன், அவன் பாட்டி அரிவாள்மணையை எடுத்துவர உள்ளே போய்விட்டாள்.